சொல்லிக்கொள்ளாமல் போன பயணங்கள்

(கீழ்வேளூரில் பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த மாலை அரங்கில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சீர் செய்யப்பட்டது.)



வெளிநாட்டு வேலையும் குடும்ப நலனும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். குடும்ப நலன் என்று ஆரம்பித்தால் அனுப்பிய பணம், கட்டிய மாடி, அடைத்த கடன், கரையேற்றிய தங்கை என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். அதைப் பேச ஊரில் ஆள் இருக்கிறது. நான் அந்தக் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். பாஸ்போர்ட் எடுக்கும்போதும், ஏஜெண்டுக்குப் பணம் கட்டும்போதும், டிக்கெட் போடும்போதும் யாரும் கலந்து பேசாத ஒருவர். பயணத்தின் விலையை அதிக நாள் கட்டுகிறவரும் அவர்தான். பிள்ளையைத்தான் சொல்கிறேன்.

பிழைப்புக்காகப் பிரிவது தமிழனுக்குப் பழைய கதை. சங்கப் பாடல்களில் பாலைத் திணையின் பெரும்பகுதி பொருள் தேடப் போகிறவனைச் சுற்றித்தான் நிற்கிறது. அவன் பேசுகிறான், அவன் தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள், வழியில் பார்த்தவர்கள்கூடப் பேசுகிறார்கள். தொல்காப்பியச் செய்யுளியல், கற்பு வாழ்க்கையில் பேச உரியவர்கள் என்று பன்னிரண்டு பேரைக் கணக்கெடுத்துச் சொல்கிறது. பார்ப்பானும் பாங்கனும் இருக்கிறார்கள், பாணனும் கூத்தனும் இருக்கிறார்கள், பரத்தைக்கும் இடம் உண்டு. பெற்ற பிள்ளைக்கு அதில் இடம் இல்லை. புதல்வன் பாட்டுக்குள் வருவான். அம்மா இடுப்பில் இருப்பான், நடைவண்டி ஓட்டுவான். அப்பா போனதைப் பற்றி அவன் என்ன நினைத்தான் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அந்தப் பட்டியல் இன்றுவரை பெரிதாக மாறவில்லை என்பதுதான் என் வழக்கு.

அதே தொல்காப்பியத்தின் அகத்திணையியலில், கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் கூட்டிப்போகும் வழக்கம் இல்லை என்று ஒரு விதி வருகிறது. இன்றைக்குக் கீழ்வேளூர், தேவூர், சிக்கல் பக்கத்திலிருந்து பெண்ணே தனியாகக் கடல் கடக்கிறாள். குவைத்தில், சவுதியில், ஓமனில் அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நிற்கிறாள். அந்த விதி எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏன் போகிறார்கள் என்பது இந்த அவைக்கு நான் விளக்க வேண்டிய விஷயம் இல்லை. நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்து மிஞ்சினால்தான் நமக்கு. ஜூன் 12இல் அணை திறப்பது என்ற வழக்கம் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் நடக்கவில்லை, குறுவை போயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து மிச்சத்தையும் சாய்த்தது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் இறங்கிய பிறகு பெண்களுக்கு வயலில் கிடைத்த வேலை நாட்களும் சுருங்கின. கந்து வட்டியும் குழுக் கடனும் அறுவடைக்காகக் காத்திருக்காது.

போகிற பாதையும் நமக்குப் பழகிய பாதைதான். இங்கே ரயிலேறினால் சிக்கல் தாண்டி நாகப்பட்டினம். அந்தத் துறைமுகத்திலிருந்து மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றினார்கள். தோட்டத்தில் வேலை பார்த்த கங்காணியே ஊருக்கு வந்து, சொந்த பந்தத்துக்குள்ளேயே ஆள் பிடித்தார். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை அது நடந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. இந்த ஊர்களின் கிழவர்களுக்கு ரஜூலா ஒரு கப்பலின் பெயர் என்பதைவிட, அப்பா ஏறிப்போன கதவின் பெயர். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது, வளைகுடா திறந்தது, கப்பல் போய் விமானம் வந்தது. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் நம் மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அதிகம் பேர் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இருந்தார்கள்.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகவேண்டியதுதானே" என்று மடிக்கணினியோடு வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். கூட்டிப்போக முடியாது. சட்டமே விடாது. சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் கட்டடத் தொழிலாளி குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. உயர் வகை அனுமதி இருந்து மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வாங்கினால்தான் குடும்பத்துக்கு விசா. வளைகுடா நாடுகளிலும் சம்பள வரம்பு ஒன்று உண்டு. டிரைவரும் வீட்டு வேலைக்காரியும் அதை எட்டிப்பிடிக்கவே முடியாது. ஆக, பிள்ளையைப் பிரிவது அந்த வேலையின் நிபந்தனை. பெற்றவர்களின் கல்மனசு என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள்.

நம் நாட்டு விதி ஒன்றையும் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறாத பெண், குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும். இளம்பெண்களைப் பாதுகாக்கப் போட்ட விதி, நல்ல நோக்கம். ஆனால் நம் ஊரில் 30 வயதுப் பெண் யார்? மூன்றாம் வகுப்பில் ஒன்றும் பால்வாடியில் ஒன்றும் வைத்திருப்பவள். பிள்ளை இல்லாத வயதில் போகாதே, பிள்ளைக்கு நீ அதிகம் தேவைப்படும் வயதில் போ என்று விதி சொல்லாமல் சொல்கிறது. இலங்கை இதற்கு நேர்மாறாக முயன்று பார்த்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்று 2013இல் விதி போட்டார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் அதைத் தளர்த்தினார்கள். கணவன் போனால் எந்தப் படிவமும் பிள்ளையின் வயதைக் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். எங்கேயும் தாயைத்தான் கூண்டில் ஏற்றுகிறார்கள். நான் அந்தக் கூண்டுக்கு ஆள் அனுப்ப வரவில்லை. நான் சொல்வதை எந்தத் தாயும் தன்மேல் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி பிள்ளைகளின் மனசுக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கேட்டதையும் பார்த்ததையும் சொல்கிறேன்.

முதலாவது, போன விதம். நாகூர், கூத்தாநல்லூர் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் சபர், அதாவது வெளிநாட்டுப் பயணம், போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொள்வார். தெரு முழுக்கச் சொல்வார், பேசாதிருந்த பங்காளி வீட்டுக்கும் போய்ச் சொல்வார். நம் மற்றக் குடும்பங்களிலும் குலதெய்வத்துக்குச் சொல்கிறோம், தாய்மாமனுக்குச் சொல்கிறோம். பிள்ளைக்கு மட்டும் சொல்வதில்லை. "அழும்ங்க சார், அதான் தூங்கும்போதே கிளம்பிட்டேன்" என்பார்கள். திருச்சி விமான நிலையத்துக்கு வேன் விடியற்காலை இரண்டு மணிக்கு வந்து நிற்கும். பிள்ளை காலையில் எழுந்து பக்கத்துப் பாயைப் பார்க்கும். "கடைக்குப் போயிருக்கு, வந்துரும்" என்று அப்பாயி சொல்லும்.

அந்தப் பிள்ளை அழாமல் இருந்ததா? அன்றைக்கு அழாதிருக்கலாம். பிறகு என்ன நடக்கிறது என்பதை ஒன்றாம் வகுப்பு ஆசிரியைகளைக் கேளுங்கள். தூங்க மாட்டேன் என்னும். அப்பாயி கொல்லைக்குப் போனாலும் பின்னாலேயே போகும். தூங்கினால் ஆள் காணாமல் போவார்கள் என்பது அது கற்ற பாடம். வளர்ந்த பிள்ளைகளிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். "போனது தப்பில்ல சார். சொல்லிருக்கலாம்" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் பேச்சு. நான் இங்கே வந்ததே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான்.

இரண்டாவது, வருகிற தேதி. "அடுத்த மாசம் வர்றேன்டா தங்கம்" என்று போனில் சொல்வது பாசத்தில் சொல்வதுதான். ஒப்பந்தம் இரண்டு வருஷம் என்பது சொல்கிறவருக்குத் தெரியும். பிள்ளைக்கு அந்த அடுத்த மாதம் வரும், போகும். மூன்று முறை அப்படி ஆனால் அது கேட்பதை நிறுத்திவிடும். "இப்பல்லாம் கேக்குறதே இல்ல, பழகிருச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். கேட்காத பிள்ளை பழகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரியவர்கள் சொல்லும் தேதிக்கு அது மதிப்புக் கொடுப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். பிறகு அதே பிள்ளை பதினைந்து வயதில் நம் பேச்சை மதிக்கவில்லை என்று நாமே குறைப்படுவோம்.

மூன்றாவது, போன். முன்பு நீல ஏரோகிராம் வந்தது, பிறகு பேசிப் பதிந்த கேசட் வந்தது, எஸ்.டி.டி. பூத்தில் காத்திருந்தோம். இப்போது முகத்தையே பார்க்கிறோம், தூரம் போய்விட்டது என்கிறார்கள். கணக்குப் போடுங்கள். குவைத்தில் வீட்டு வேலை பார்க்கும் அம்மா பாத்திரம் கழுவி முடித்துப் போனை எடுக்க இரவு பதினொன்று ஆகும். இங்கே அப்போது ஒன்றரை மணி, பிள்ளை தூக்கத்தில் இருக்கும். சில வீடுகளில் போனையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். துபாயில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது. பாட்டிம் போன்ற வேறு செயலிகளைத் தேடி அலைய வேண்டும். சிங்கப்பூர் அப்பா வேலை முடித்து அறைக்கு வரும் பத்து மணி நமக்கு ஏழரை. கொடுத்து வைத்த பிள்ளைகள் என்று சொல்லலாம். அப்படி இணைப்புக் கிடைத்தாலும் நடப்பது என்ன? "அம்மாகிட்ட பேசு, சாப்டியான்னு சொல்லு, ரேங்க் என்னன்னு சொல்லு." பின்னால் அப்பாயி, பக்கத்தில் சித்தப்பா, போன் ஸ்பீக்கரில். பிள்ளை என்ன பேசும்?

ஒரு பெண் பிள்ளை. எட்டாம் வகுப்பு. வயதுக்கு வந்தாள். தாய்மாமன் சீர், தட்டு வரிசை, தலை நிறையப் பூ, ஒரு குறையும் இல்லை. அம்மா குவைத்திலிருந்து வீடியோவில். அத்தை கையிலிருந்து சித்தி கைக்கு, சித்தி கையிலிருந்து பெரியம்மா கைக்கு என்று அந்தப் போன் பந்தல் முழுக்கச் சுற்றியது. சீர்த்தட்டை அம்மாவுக்குக் காட்டினார்கள், வந்த உறவையெல்லாம் காட்டினார்கள், அவளையும் காட்டினார்கள். ஒரு மாதம் கழித்து அவள் தன் ஆசிரியையிடம் சொன்னாளாம்: "அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் மிஸ். யாரும் போனத் தனியாக் குடுக்கல." என்ன கேட்க நினைத்தாள் என்று ஆசிரியையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, அது அவள் அம்மாவுக்கானது.

நான்காவது, கடன். வட்டிக் கடனைச் சொல்லவில்லை. "உனக்காகத்தான்டா அப்பா வெயில்ல கிடக்குறார்" என்று நாள் தவறாமல் சொல்லும் கடன். நல்லெண்ணத்தில் சொல்கிறோம், படிக்கட்டும் என்று. அந்தப் பிள்ளைக்குக் கணக்கில் 45 மார்க் வந்தால் அது மார்க்காக இருப்பதில்லை, அப்பாவுக்குச் செய்த துரோகமாகிவிடுகிறது. அவர் போனதற்குக் காரணம் நான், அவர் கஷ்டத்துக்குக் காரணம் நான் என்று ஒன்பது வயதுத் தோளில் ஏற்றிவிடுகிறோம். உண்மையில் அவர் போனது கூரைக்காக, அத்தை கல்யாணக் கடனுக்காக, பொய்த்துப்போன குறுவைக்காக, கொஞ்சம் தன் ஆசைக்காகவும்தான். அந்தக் காரணங்களையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பாரம் பங்காகட்டும்.

ஐந்தாவது, திரும்பி வருதல். இரண்டு வயதில் விட்டுப்போன பிள்ளை நாலு வயதில் அப்பாவை "மாமா" என்னும். வீடு சிரிக்கும், அவர் முகம் செத்துவிடும். முதல் வாரம் சாக்லேட், கோடாலித் தைலம், பால் பவுடர், விருந்து. இரண்டாம் வாரம் "ஏன்டா இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற?" என்று கண்டிப்பு. விடுமுறை முடியும்போதுதான் இருவருக்கும் பழக்கம் வரும், அப்போது வேன் வந்து நிற்கும். நிரந்தரமாகத் திரும்பும் தாய்க்கு இன்னொரு சோதனை இருக்கிறது. பிள்ளை அப்பாயியின் பாயை விட்டு வராது. அதைப் பிடித்து இழுத்தால், அது இரண்டாவது முறை தன் தாயை இழக்கிறது. வளர்த்த கிழவியும் அன்றைக்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுக்கிறாள். அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இவ்வளவும் சொன்னேன். பிள்ளைகள் சும்மா வாடிக்கொண்டு மட்டும் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பையனைப் பார்த்தேன். பள்ளி விட்டதும் வகுப்பில் உட்கார்ந்து, கோடு போடாத நோட்டில் காலை வைத்துப் பால்பாயிண்ட் பேனாவால் பாதத்தைச் சுற்றி வரைந்துகொண்டிருந்தான். அப்பா சிங்கப்பூரிலிருந்து ஷூ வாங்கி வரப்போகிறார். வரைந்து முடித்துத் தோழனின் போனில் படம் எடுத்தான். எடுப்பதற்கு முன் குதிகால் பக்கத்தில் ஸ்கேலை வைத்தான், பூஜ்யம் குதிகாலில் சரியாகப் படும்படி. எதற்கு என்றேன். "படத்துல எல்லாம் சின்னதாத்தான் தெரியும் சார். போன தடவை பத்தல. அப்பாவுக்கு என் கால் அளவு தெரியாது, பாவம்." அந்தப் பாவம் என்ற சொல்லை அவன் தனக்காகச் சொல்லவில்லை. அப்பாவுக்காகச் சொன்னான். எட்டியிருக்கும் அப்பாவுக்குத் தன்னை அளந்து கொடுக்கும் வழியை அவனே கண்டுபிடித்திருந்தான். பிள்ளைகளுக்கு விவரம் புரியாது என்கிறவர்கள் அந்த ஸ்கேலை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தை மட்டும் வைத்து நீங்கள் நம்ப வேண்டாம். 2018இல் லான்செட் மருத்துவ இதழில் 111 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலானவை சீனாவில் கிராமத்தில் பிள்ளையை விட்டு நகரத்துக்கு வேலைக்குப் போனவர்களைப் பற்றியவை. விட்டுச்செல்லப்பட்ட பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருந்தன. உடல் வளர்ச்சி குன்றுவதும் கூடுதலாக இருந்தது. ஆனால் 2008இல் இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளில் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு வேறொன்றும் சொல்கிறது. தந்தை வெளிநாடு போன பிள்ளைகளின் மனநலம் இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் குறைந்திருந்தது. பிலிப்பைன்ஸிலும் வியட்நாமிலும் அந்த வேறுபாடு தெரியவில்லை. பிரிவு ஒன்றுதான், விளைவு ஊருக்கு ஊர் மாறுகிறது. பிலிப்பைன்ஸில் வெளிநாட்டு வேலையை அரசும் பள்ளியும் தேவாலயமும் வெளிப்படையாகப் பேசுகின்றன என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் தப்பாக இருந்தாலும், பிள்ளை படும் பாடு விதி இல்லை, சூழலைப் பொறுத்து மாறக்கூடியது என்பது அந்த ஆய்விலிருந்து தெரிகிறது.

இந்தப் பேசாமை ஆபத்தும்கூட. ஜூன் 12 என்றால் டெல்டாக்காரன் மேட்டூரைப் பார்ப்பான். 2024 ஜூன் 12 அன்று மேட்டூரும் திறக்கவில்லை. அதே நாளில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் செத்துப்போனார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அன்றைக்குக் குவைத்தில் ஆள் இருந்த வீடுகளில் டி.வி.யை அணைத்தார்கள், பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாதாம். பிள்ளைகளோ படத்தையும் வீடியோவையும் போனில் முன்னமே பார்த்துவிட்டார்கள். "அம்மா இருக்குற ஊர் அதில்ல, அம்மா காலையில பேசிருச்சு" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதைச் சொல்லாததால் இரவு முழுக்கப் பயந்து கிடந்த பிள்ளைகள் உண்டு.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் கேட்கப்போவதில்லை.

போகிறவர்களுக்கு: பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லுங்கள். எந்த ஊர், என்ன வேலை, எதற்காக. எவ்வளவு நாள் என்பதை அதன் கணக்கில் சொல்லுங்கள்: ரெண்டு பொங்கல், ரெண்டு முழுப்பரீட்சை. அழும். அழட்டும். நீங்கள் இருக்கும்போது அழுதால் தூக்கிக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள். தேதி தள்ளிப்போனால் அதையும் மறைக்காதீர்கள். யாரிடம் விட்டுப்போகிறீர்களோ அவரைப் பிள்ளையின் முன்னாலேயே பொறுப்பாக்குங்கள். பள்ளியில் யார் கையெழுத்துப் போடுவது, காய்ச்சல் வந்தால் யார் முடிவெடுப்பது என்பது பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிஷம் போனைப் பிள்ளை கையில் தனியாகக் கொடுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம், என்ன பேசினாய் என்ற விசாரணையும் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு: யார் வீட்டில் யார் வெளிநாட்டில் என்று உங்களுக்குத் தெரியும். இரக்கம் காட்ட வேண்டாம்; எப்போது போனார்கள், கடைசியாக எப்போது பேசினார்கள் என்று கேளுங்கள். வீட்டில் பெரியவர்களாலேயே ஆபத்து என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, தயங்காதீர்கள். மூத்த பெண் பிள்ளை அடிக்கடி தாமதமாக வந்தால், தம்பிக்குச் சோறு கட்டிவிட்டு வருகிறாளா என்று பாருங்கள். திருக்குவளைப் பள்ளியில் 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலம் முழுமைக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் இப்படிப்பட்ட அக்காள்களின் கையிலிருந்து ஒரு அடுப்பையாவது இறக்கி வைத்திருக்கிறது.

அரசுக்கு: வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு நாள் முன்பயிற்சி நடக்கிறது. அந்த நாட்டுச் சட்டம், பழக்கம், தூதரக எண் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் ஒரு மணி நேரம் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு ஒதுக்குங்கள். குழந்தைகளின் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் 1992இல் இந்தியா சேர்ந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளை வேண்டாம் என்றால் பயணத்தை நிறுத்த வேண்டும் என்று பொருள் இல்லை. கேட்க வேண்டும் என்று பொருள்.

கடைசியாக, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு. அம்மா மேல் கோபம் வந்தால் அது பாவம் இல்லை. பாசம் இருக்கும் இடத்தில்தான் அந்தக் கோபம் வரும். இரண்டும் ஒரே மனசில் இருக்கலாம். அப்பா அனுப்பிய பணத்தில் படித்துக்கொண்டே, நீங்கள் இங்கே இருந்திருக்கலாம் என்று அவரிடம் சொல்லலாம். நன்றி கெட்டவர்கள் என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

என் நேரம் முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள், நான் பதில் சொல்வேன். இன்றைக்கு அந்த அரை மணி நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். பேச விருப்பம் இல்லாதவர்கள் பேச வேண்டாம். பேசுகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு ஒரே ஒரு விதி: இடையில் யாரும் பதில் சொல்லக்கூடாது, சமாதானமும் சொல்லக்கூடாது. மைக்கைக் கீழே இறக்கி வையுங்கள், அவர்கள் உயரத்துக்கு.